ஒரு மடக்கு வெந்நீர்

"மாமியாரம்மா, வாயில மிட்டாய் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காது கேட்டான்.

ஒலிப்பதிவு செய்பவனுக்கு அந்த ஸ்டூடியோவில் காது என்றுதான் பெயர். எறும்பு தும்மினால் எந்த எறும்பு என்று சொல்லிவிடுவான். மாமியார் என்பது அவளுக்கு அங்கே விழுந்த பெயர். உண்மையில் அவளுக்குப் பிள்ளையும் கிடையாது, மருமகளும் கிடையாது. வெளிநாட்டுத் தொடர்களை மொழிமாற்றும்போது வருகிற கோபக்காரக் கிழவிகளுக்கெல்லாம் குரல் கொடுத்துக் கொடுத்துச் சொந்தப் பெயரே மறந்துபோயிற்று. ஊரெல்லாம் எனக்கு மருமகள், வீட்டில் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுக்க மருமகள் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மிட்டாய் இல்லை என்று வாயைத் திறந்து காட்டினாள். காது அவள் பேசியதை அவளுக்கே போட்டுக் காட்டினான். குரல் என்னவோ பழைய வெண்கலம்தான். ஆனால் சொல்லுக்குச் சொல் நடுவில், உறையிலிருந்து தபால்தலையைப் பிய்ப்பது மாதிரி ஒரு சத்தம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, உரிந்து உரிந்து வந்துகொண்டிருந்தது.

காரணம் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. ஒரு மாத்திரைப் பட்டை.

அதற்கு முந்தைய கதை இது. அறுபதைத் தாண்டிய பிறகு மூத்திரம் அவளிடம் அனுமதி கேட்பதை நிறுத்திவிட்டது. வருகிறது என்று தோன்றினால் வந்துவிட்டது என்று பொருள். குரல் அறையோ பனிப்பெட்டி மாதிரி குளிரும். பாதி வசனத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு, கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு, நீள நடையின் அந்தக் கோடிக்கு ஓடுவாள். திரையில் கிழவி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள். கிழவி சிங்காதனத்தை விட்டு இறங்கி எங்கே போகிறாள் என்று டப்பிங் இயக்குநர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் ஓடிக்கொண்டே சிரிப்பாள். வேறென்ன செய்வது?

இரவு அதைவிட மோசம். அவளும் தங்கையும் ஒரே அறையில் படுப்பவர்கள். தங்கை ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். விடிவதற்குள் எழுந்து கிளம்ப வேண்டியவள். அக்கா எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டில் கிறீச்சிடும், தாழ்ப்பாள் சத்தம் போடும், தொட்டி கொட்டும். தங்கை கோபப்படமாட்டாள். கேலிதான் செய்வாள். நம் வீட்டுக்குக் காவல்காரன் தேவையில்லை, அக்கா ராத்திரி முழுக்க ரோந்து போகிறாள் என்பாள். ஆனால் அந்தக் கேலியிலும் வரவர ஈரம் வற்றிக்கொண்டே வந்தது.

அப்படித்தான் அவள் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா பொறுமைசாலி. முதல் மாத்திரையை எழுதும்போதே விளக்கிச் சொன்னாள். இது மூத்திரத்தைக் குறைக்காது, சிறுநீரகம் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இது மூத்திரப் பையைத்தான் சமாதானப்படுத்தும், கால்வாசி நிரம்பியதற்கே கூப்பாடு போடுகிற பை இனிக் கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான் என்றாள். வாய் உலரும், மலம் இறுகும் என்றும் சொன்னாள். வாய்தானே, உலர்ந்தால் உலரட்டும் என்று மாமியார் நினைத்தாள். தன் வாய் என்பது ஊரார் வாய் மாதிரி இல்லை என்பது மைக்குக்கு முன்னால் நின்ற பிறகுதான் உறைத்தது.

பகலில் ஓட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அன்று ஒரு பக்க வசனத்தை முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. காது ஒவ்வொரு சத்தமாகக் கத்தரித்து எடுத்தான். எடுத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், பெரிய காட்சிக்கு இப்படி வெட்ட முடியாதும்மா என்றான்.

பெரிய காட்சி என்றால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொடரில் கிழவி எல்லோரையும் உருட்டி மிரட்டிக்கொண்டே இருந்தாள். மகனை வீட்டை விட்டுத் துரத்தினாள், மருமகளை அழவிட்டாள், யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது கதை முடிகிற கட்டம். குடும்பம் முழுவதும் கூடியிருக்கிற கூடத்தில் அவள் எழுந்து நின்று, நான் செய்ததெல்லாம் தப்பு என்று சொல்லப்போகிறாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. அந்த நடிகை எந்த நாட்டுக்காரி என்றுகூட மாமியாருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் உதட்டைக் கடிப்பாள் என்பது மனப்பாடம். இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் இந்த ஒரு பேச்சுக்காகத்தான் என்று அவளுக்குள் ஓர் எண்ணம். வெட்டி ஒட்டினால் அழுகை ஒட்டாது, ஒரே மூச்சில் பேசியாக வேண்டும் என்பது இயக்குநரின் கட்சி. அவளுடைய கட்சியும் அதுதான்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனாள். வாய் உலர்கிற மாத்திரை வேண்டாம், பிழைப்பே வாய்தான் என்றாள். டாக்டரம்மா யோசித்துவிட்டு, பகலில் எவ்வளவு போகிறது, இரவில் எவ்வளவு போகிறது என்று இரண்டு மூன்று நாள் அளந்து வரச் சொன்னாள். வீட்டில் மாவு அளக்கிற பிளாஸ்டிக் குவளைதான் இருந்தது. தங்கை அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி மாவுக்குப் புதுக் குவளை வாங்கிவிடு தாயே என்றாள். அளந்து பார்த்தால், பகல் முழுவதும் வந்ததைவிட இரவில் அதிகம்.

"பகல்ல ஃபேக்டரிக்கு லீவு, உற்பத்தியெல்லாம் ராத்திரி ஷிஃப்ட்லதான் நடக்குது" என்றாள் தங்கை.

டாக்டரம்மா கேலி இல்லாமல் அதையேதான் சொன்னாள். நாள் முழுக்க நின்று பேசுவதால் காலில் நீர் இறங்கித் தேங்குகிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. போதாததற்கு, வயதானால் இரவில் சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற சுரப்பும் குறைந்துவிடும். அந்தச் சுரப்பை மாத்திரையாகக் கொடுக்கலாம். இது பையைத் தொடாது, சிறுநீரகத்திடமே போய் இன்றைக்கு இது போதும் என்று சொல்லும். ஆனால் உங்கள் வயதுக்கு இதை நான் பயந்து பயந்துதான் எழுதுகிறேன் என்றாள்.

"சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல டாக்டர். சாப்பாட்டோட அரை டம்ளர். அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மாத்திரையைப் போட்டுட்டுத் தண்ணி குடிச்சா, தண்ணி வெளிய போகாது. உடம்புலயே தங்கும். ரத்தத்துல இருக்கற உப்பு நீர்த்துப்போயிடும். அது மூளைக்கு ஆகாது. வாரக் கடைசியில ரத்தம் குடுத்துட்டுப் போங்க, உப்பைப் பார்க்கணும்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. குரல் கொடுக்கிறவர்களில் வெந்நீர்க் குடுவை இல்லாமல் வருகிறவர் யாரும் கிடையாது. ஒரு வசனம், ஒரு மடக்கு. மறுபடி ஒரு வசனம், மறுபடி ஒரு மடக்கு. வண்டி ஓட்டுகிறவனை எத்தனை தடவை கியர் மாற்றினாய் என்று கேட்டால் சொல்வானா? தொண்டை இறுகாமல் இருக்கச் செய்கிற வேலை அது; அதைக் குடிப்பது என்று அந்தத் தொழிலில் யாரும் நினைப்பதில்லை. தாகத்துக்குக் குடிப்பதுதான் குடிப்பது. அவளுக்கு வந்த வசனங்கள் பெரும்பாலும் சாயங்கால வேளையில்தான் பதிவாகும். குடுவை காலியானால் ஆபீஸ் பையன் நிரப்பி வைத்துவிடுவான்.

புது மாத்திரை வேலை செய்தது. முதல் வாரம் அவள் படுத்தால் விடிந்துதான் எழுந்தாள். தங்கை காலையில் எழுந்து, அக்கா மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம். நாக்கும் ஈரமாயிற்று. காது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மாமியார் ஓர் ஆப்பிள் பொட்டலத்தோடு போய் டாக்டரம்மாவைப் பார்த்து வரலாமா என்றுகூட நினைத்தாள்.

ரத்தம் கொடுக்கத்தான் போகவில்லை. பெரிய காட்சி நெருங்கிவிட்டது, அது முடியட்டும், போய்க்கொள்ளலாம் என்றாள். ஊசி குத்தி வேறு ஏதாவது சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டால்? அந்தப் பயம்தான். நல்லபடி ஓடுகிற வண்டியை யார் கொண்டுபோய்ப் பழுது பார்க்கிறவனிடம் நிறுத்துவார்கள்? வீட்டிலும் சாயங்காலமானால் வசனத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் குடுவை. ஒரு வரி, ஒரு மடக்கு.

பிறகு தலைவலி வந்தது. வயிற்றைப் பிரட்டிற்று. மூக்குக் கண்ணாடியை மாற்றவேண்டும் போலிருக்கிறது என்றாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வசனம் படிக்கப் போனவள், பால் பொங்கி அணைந்த அடுப்புக்கு முன்னால் வந்து நின்று, இதை யார் வைத்தது என்று தங்கையைக் கேட்டாள்.

"தூங்காதப்ப புத்தி கத்தி மாதிரி இருந்துது. இப்ப இப்படித் தூங்கறே, மழுங்கிக்கிட்டே போறியே அக்கா" என்றாள் தங்கை. வா, டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்தாள்.

"பேசி முடிச்சிட்டு வரேன்டீ. என் கையைப் பிடிக்காதே."

அந்தக் குரல் தொடரில் வருகிற கிழவியின் குரலாகவே இருந்தது. தங்கை கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் அந்தக் கையை விட்டதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதை அக்காவிடம் சொன்னதில்லை.

பெரிய காட்சியன்று இயக்குநர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு விளக்கைத் தணிக்கச் சொன்னார். மாமியார் சரசரக்காத பருத்திச் சேலை கட்டி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். மூத்திரம் வரவில்லை. வாய் உலரவில்லை. எல்லாம் அவள் கேட்டபடியே இருந்தது. திரையில் கிழவி மெல்ல எழுந்து நின்றாள், மூச்சு வாங்கினாள், உதட்டைக் கடித்தாள். மாமியாரும் மூச்சு வாங்கினாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ..." என்று தொடங்கினாள். நன்றாகத் தொடங்கினாள். காது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த வரி தாளில் இருந்தது. எழுத்தும் தெரிந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பூச்சி மாதிரி, எந்தப் பூச்சி எதற்கு என்று புரியாமல் கிடந்தது. அவள் மறுபடி, நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ என்றாள். திரையில் கிழவியின் வாய் வேறெதையோ பேசிக்கொண்டு போயிற்று. மூன்றாவது தடவையும் அதையே சொன்னாள். தான் அதை முதல் தடவை சொல்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது காதுக்கு மட்டும் புரிந்தது. ஏனென்றால் மூன்று தடவையும் தொனி அச்சு மாறாமல் ஒன்றுபோலவே இருந்தது. அவன் கருவியை நிறுத்திவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தபோது, அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நீர்தான் வந்தது. வெறும் வெந்நீர்.

ஆஸ்பத்திரியில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது என்றார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்குக் கேடு, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். குடிக்கத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்து, எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று திட்டாமல்தான் கேட்டாள். குடிக்கவேயில்லை என்றாள் மாமியார். அப்போதும் அவள் பொய் சொல்லவில்லை. தங்கைதான் ஸ்டூடியோவிலிருந்து எடுத்து வந்த பையைத் திறந்து குடுவையை வெளியே வைத்தாள். டாக்டரம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள், கனத்தைப் பார்த்தாள், மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"நான்தான் வேற மாதிரி கேட்டிருக்கணும்" என்றாள் கடைசியில்.

புத்தி திரும்பி வந்தது, முழுசாக இல்லாவிட்டாலும் வேலைக்குப் போதும்படி. கூடவே பழையதும் வந்துவிட்டது. அந்த மாத்திரை இனி எந்தக் காலத்திலும் கூடாது. முதல் மாத்திரையைப் பாதி அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் நாக்கு ஒட்டிற்று. வேறொரு புது மாத்திரை கொடுத்தார்கள், வாய் உலராது என்று. வாய் உலரவில்லை, ரத்த அழுத்தம் ஏறிற்று, அதையும் நிறுத்தினார்கள். மத்தியானம் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள், சாயங்காலத்துக்கு மேல் நீரைக் குறையுங்கள், வரும்போது உடனே ஓடாமல் கொஞ்சம் அடக்கிப் பழகுங்கள் என்றாள் டாக்டரம்மா. சிலருக்குச் சரியாகும் என்றாள். எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. வெந்நீர் இல்லாமல் பேசினால் குரல் பத்து வரிக்குள் கம்மியது. வெந்நீரோடு பேசினால் நடையின் கோடிக்கு ஓடவேண்டியிருந்தது. இரவில் தங்கை இப்போது கூடத்தில் படுத்துக்கொண்டாள். கேலி செய்வதையும் நிறுத்திவிட்டாள்.

ஸ்டூடியோவில் அதற்குள் கிழவிக்கு வேறு குரல் வைத்துவிட்டார்கள். தொடர் யாருக்காகக் காத்திருக்கும்? மேடையில் பேசிப் பழகிய ஒருத்தி, இன்னும் ஐம்பது ஆகாதவள், வந்து ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போனாளாம். இயக்குநர் போன் செய்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தன் இடம் போய்விட்டது என்று மாமியார் அதிலிருந்தே தெரிந்துகொண்டாள்.

பிறகு காது கூப்பிட்டான். கூட்டக் குரலுக்கு ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்றான். திரையில் கும்பல் வரும் இடங்களில் பின்னால் முணுமுணுக்கிற வேலை அது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் அதைச் செய்வார்கள். அவன் குரலில் இருந்த கூச்சத்தைக் கேட்டதும் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? போனாள்.

உள்ளே ஏழெட்டுப் பேர் மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். நீங்கள் கதவுப் பக்கம் நில்லுங்கள் என்று காது அவளுக்கு இடம் காட்டினான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காட்சி திரையில் வந்தது. அதே கூடம், அதே குடும்பம். கிழவி மெல்ல எழுந்து நின்றாள்.

ஹெட்ஃபோனில் புதுக்காரியின் குரல் கேட்டது. நன்றாகத்தான் பேசியிருந்தாள். குறை சொல்ல இடமில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் ஒரு கணம் பிந்திவிட்டாள்; அது யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கிற்று. கூட்டக் குரலில் யாரும் அர்த்தத்தோடு பேசுவதில்லை. ஒருவன் வாய்ப்பாடு சொல்வான், ஒருத்தி கடையில் வாங்கவேண்டிய சாமான்களைச் சொல்வாள். எல்லாம் கலந்தால் கும்பல் வியப்பது போலிருக்கும். மாமியாருக்கு வாயில் வேறெதுவும் வரவில்லை. கிழவியின் உதட்டைப் பார்த்துக்கொண்டே, அடித்தொண்டையில், தாள் இல்லாமல், அந்தப் பேச்சை முதல் வரியிலிருந்து பேசிக்கொண்டு போனாள். ஒரு சொல்கூடத் தவறவில்லை.

பாதியில் காது பதிவை நிறுத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"யாரோ ஒருத்தர் தெளிவாப் பேசறீங்க. இங்க தெளிவு வேணாம். எல்லாரும் கலந்தாப்ல இருக்கட்டும். இன்னொரு தடவை போலாம்."

யார் என்று அவன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண் யாராயிருக்கும் என்று அக்கம்பக்கம் பார்த்தாள். மாமியாரும் அவளோடு சேர்ந்து அக்கம்பக்கம் பார்த்தாள்.

மறுபடி கிழவி எழுந்து நின்றாள். மறுபடி கூட்டம் முணுமுணுத்தது. மாமியார் இந்தத் தடவை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். சில எண்கள் போவதற்குள் அடிவயிற்றில் அது வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி அடக்கிப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைச் சத்தமில்லாமல் கழற்றி மாட்டிவிட்டு, கதவை இடைவெளி விட்டுத் திறந்து, நழுவி, நடையில் ஓடினாள்.

திரும்பி வந்தபோது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. எல்லோரும் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். காது ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மறுபடி எடுக்கணுமாப்பா? நான் நடுவுல வெளிய போயிட்டேன்."

"வேணாம்மா" என்றான் அவன், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது டேக் நல்லா வந்திருக்கு. அதையே வெச்சுக்கிட்டோம்."